வலது கண், பதினைந்தாயிரம் ரூபாய்

எங்கள் தாலுகாவில், பிரிந்துபோனவருக்குக் கொடுத்த கடனைப் பணமாகத் திரும்பப் பெற முடியாது. அந்தப் பணம் எதுவாகச் செலவானதோ அதுவாகத்தான் பெற முடியும். கல்யாணம் ஆகிப் பிரிந்தவர்களுக்கு நீதிமன்றம் இருக்கிறது. ஆகாமல் பிரிந்தவர்கள் தாலுகா அலுவலகத்தின் பின்பக்கம், ஆதார் திருத்தம் செய்யும் அறைக்கு அடுத்துள்ள மீட்புப் பிரிவில் விண்ணப்பிக்க வேண்டும். திங்கள், வியாழன் மட்டும். பாத்திரம் அவரவர் கொண்டுவர வேண்டும்.

நான் மௌலீஸ்வரனுக்கு முப்பத்தோராயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்திருந்தேன். இரண்டு வருடங்களில், ஆறு தடவையாக. மார்ச் மாதம் பிரிந்தோம். சண்டை ஒன்றும் இல்லை. பேருந்து நிலையத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். அவனுடைய பஸ் முதலில் வந்தது.

நான் படித்த கல்லூரிக்குக் கட்ட வேண்டிய பாக்கியும் அதே முப்பத்தோராயிரத்து ஐந்நூறுதான். அதைக் கட்டுவதற்காகப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துச் சேர்த்தேன். சேர்த்ததை ஒவ்வொரு தடவையும் மௌலிக்குக் கொடுத்தேன். பாக்கி உள்ளவர்களின் பட்டச் சான்றிதழைக் கல்லூரி தன்னிடமே வைத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தப் பட்டத்தை வீட்டில் யாரும் இன்னும் பார்த்ததில்லை. ஜூன் மாதம் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தின் அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. முப்பதாம் தேதிக்குள் அசல் சான்றிதழைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வோம் என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள்.

பன்னிரண்டாம் தேதி, திங்கட்கிழமை, விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தேன். நான்கு நகல் எடுத்து வைத்திருந்தேன். ஒன்றுதான் கேட்டார்கள். இதே அலுவலகத்தில் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்காக ஐந்து தடவை நடந்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு கட்டத்தைச் சரியாக நிரப்பவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அதனால் இந்தத் தடவை, ‘செலவான வகை’ என்ற கட்டத்தில் ஒன்றையும் விடாமல் எழுதினேன். கார் ஓட்டப் பழகியது ஆறாயிரம். ஆங்கிலப் பேச்சு வகுப்பு நாலாயிரத்து ஐந்நூறு. கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை நாலாயிரத்து ஐந்நூறு. நண்பன் கல்யாணத்தில் மொய் ஆயிரத்தொன்று. செல்போன் ரீசார்ஜ், எண்பத்து நான்கு நாள், நானூற்றுத் தொண்ணூற்று ஒன்பது. மௌலியின் அப்பாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை, பதினைந்தாயிரம். அடைப்புக்குள் ‘வலது கண்’ என்றும் எழுதினேன்.

பிரிவின் ஆய்வாளர் பெயர் ஹேமலதா. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு விண்ணப்பத்தைப் படித்தார்.

“எல்லாத்தையும் விவரமா எழுதியிருக்கீங்களே.”

“ஆமாங்க மேடம்.”

“இந்தக் கட்டத்துல எல்லாரும் ‘இதரம்’னு ஒரே வார்த்தைல முடிச்சுருவாங்க. இதரம்னா பணமாவே வந்துரும்.”

“இதரமாச் செலவாகலைங்களே மேடம்.”

“ஆகலைதான்,” என்று அவர் முத்திரையை எடுத்தார்.

“கடைசி வரியை மட்டும் அடிச்சுரலாங்களா?”

“அடித்தல் திருத்தல் இருந்தா மொத்தமும் தள்ளுபடி. புதுசாப் போட்டா தொண்ணூறு நாள் ஆகும்.”

நான் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். பிறகு முத்திரை குத்தினார்.

வியாழக்கிழமை காலை மௌலியின் வீட்டுக்குப் போனேன். அம்மாவின் மூன்றடுக்கு டிபன் கேரியரும், மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் வாளியும், பால் வாங்கும் மூடி போட்ட தூக்குப்போசியும் எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் நடத்துநர் வாளிக்கு மட்டும் லக்கேஜ் டிக்கெட் போட்டார். ஹேமலதா மேடம் ஸ்கூட்டியில் வந்திருந்தார்.

மௌலியின் வீட்டை ஒட்டித் தறிக்குடோன் இருக்கிறது. அதில் இரண்டு விசைத்தறிகள். அவன் அப்பா நாச்சிமுத்து இரண்டையும் ஓனரிடம் கூலிக்கு, ஒருவராகவே ஓட்டுவார். சத்தம் வீட்டுக்குள்ளும் கேட்டுக்கொண்டே இருக்கும் என்பதால் அந்த வீட்டில் எல்லோரும் சற்று உரக்கவே பேசுவார்கள்.

“வா ஜீவிதா,” என்றான் மௌலி. “கேரியரைப் பாத்ததும் சோறு கொண்டாந்துட்டயோன்னு நெனச்சேன்.”

“காலிதான்.”

“நெறச்சுத் தந்தர்றேன், உக்காரு.”

மேடம் ஒவ்வொரு வரியாகப் படிக்க, அவன் எதிரே கையெழுத்துப் போட வேண்டும். போட்டதும் நான் பாத்திரத்தின் வாயை அவன் பக்கம் நீட்டி மூட வேண்டும். அவ்வளவுதான்.

“நான்கு சக்கர வாகனம் ஓட்டுதல்,” என்று படித்தார் மேடம்.

“ரிவர்ஸ் எனக்குச் சரியா வராதுங்க மேடம். அதையும் எழுதிக்குங்க. அப்பறம் நான் ஒளிச்சு வெச்சுக்கிட்டேன்னு சொல்லுவா.”

“நான் அப்படிச் சொல்ல மாட்டேன்,” என்றேன்.

“சொல்ல மாட்ட. மனசுல தேதி போட்டு எழுதி வெச்சுக்குவ.”

மேடம் ‘ரிவர்ஸ் நீங்கலாக’ என்று எழுதினார். மேல் அடுக்கை நீட்டி மூடினேன். ஒரு டம்ளர் தயிர் அளவுக்குக் கனத்தது.

ஆங்கிலத்துக்குக் கையெழுத்துப் போடும் முன் மௌலி பேனாவை நிறுத்தினான். “கடைசியா ஒண்ணு பேசிக்கறனுங்க மேடம்,” என்று எழுந்து நின்று, சுவரைப் பார்த்து, “கைண்ட்லி டூ த நீட்ஃபுல்” என்றான். பிறகு உட்கார்ந்து கையெழுத்துப் போட்டான். நடு அடுக்கை மூடினேன். அவன் வேறோர் ஏற்றுமதி அலுவலகத்தில், துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர்களுக்குப் பதில் சொல்லும் வேலையில் இருந்தான். “எப்படியும் அந்த ஆளுகளுக்கு நான் பேசறது புரிஞ்சதில்ல,” என்றான்.

பல்லைப் பொறுத்தவரை, மீட்கப்படுவது பல் அல்ல. அதன் வலியின்மை. கீழ் அடுக்கை மூடியதும் மௌலி இடது கன்னத்தைப் பிடித்துக்கொண்டான். அதன் பிறகு வலது பக்கத்தால் பேசினான்.

மொய் பாத்திரத்தில் சேராது. அது நண்பன் வீட்டு மொய் நோட்டில் மௌலியின் பெயரை அடித்து என் பெயரை எழுதுவதோடு முடிந்துவிடும். என் வீட்டில் ஒரு விசேஷம் நடக்கும்போது அவர்கள் வந்து ஆயிரத்தொன்றைத் திருப்பி எழுதுவார்கள். மேடம் போனில் அவர்களுக்குத் தகவல் சொன்னார். அவர்கள் விசேஷம் எப்போது என்று கேட்டார்கள். நான் தெரியாது என்றேன்.

ரீசார்ஜுக்கு நேரம் பிடித்தது. எண்பத்து நான்கு நாட்களில் மௌலி என்னோடு பேசியதை மட்டும்தான் எடுக்கலாம். மற்றவர்களோடு பேசியதைக் கழிக்க வேண்டும். மேடம் ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தார். கஸ்டமர் கேரோடு மூன்று தடவை பேசியிருந்தான். மீதி முழுவதும் என்னோடுதான். எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. மூடி போட்ட வாளி நிரம்பி, கடைசிக் கொஞ்சத்தை அமுக்கி வைக்க வேண்டியிருந்தது.

“கண்ணுக்கு அப்பாதான் கையெழுத்துப் போடணும்,” என்றார் மேடம்.

குடோனுக்குப் போனோம். நாச்சிமுத்து தறிக்கு முன்னால் குனிந்து நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

“வாங்க கண்ணு. எந்தக் கண்ணுன்னு எழுதியிருக்குதுங்க?”

“வலதுங்க,” என்றேன்.

“சரியாத்தான் எழுதியிருக்கற. இடதுல தலகீழா நின்னாலும் அவ்வளவாத் தெரியாது.” தறியைப் பார்த்தார். “இந்தப் பாவு நூலு முடிய இன்னும் ரண்டு கஜம் இருக்குது. முடிச்சுக்கறனுங்களே? பாதில உட்டா ஓனர் ஏசுவாரு.”

மேடம் தலையசைத்தார். நாங்கள் நூல் மூட்டைகள் மேல் உட்கார்ந்தோம். அவர் பத்து நிமிடங்கள் ஓட்டினார். நடுவில் இரண்டு தடவை இழை அறுந்தது. இரண்டு தடவையும் அறுந்த கணமே தறியை நிறுத்தி, கிழங்குபோல் தடித்த விரல்களால் முடிச்சுப் போட்டு ஓடவிட்டார். ஆயிரக்கணக்கான இழைகளில் எது அறுந்தது என்று நானும் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. நான் துணியில் பழுது பார்க்கும் செக்கிங்கில் மூன்று வருடம் இருந்தவள்.

கையெழுத்துப் போட்டுவிட்டுத் தூக்குப்போசியை எட்டிப் பார்த்தார்.

“மோர் வெச்ச போசியா கண்ணு?”

“பால் போசிங்க. புளி போட்டு வெளக்கித்தான் கொண்டாந்தேன்.”

“அப்பச் சரி. தெறக்கறப்ப வெளிச்சத்துல தெறங்க. இருட்டுல தெறந்தா மெரண்டுக்கும்.”

மூடினேன். அவர் தலையைச் சற்று வலப்பக்கம் திருப்பி, இடது கண்ணை முன்னே கொண்டுவந்து, இரண்டாவது தறியின் சுவிட்சை அணைத்தார். ஒன்றை மட்டும் ஓடவிட்டார். சத்தம் பாதியாகிவிட்டதால் வெளியே வந்த மௌலி பேசியது தேவைக்கு அதிகமாக உரக்கக் கேட்டது.

“பாத்துப் போ,” என்றான், வலது பக்கத்தால்.

*

மீட்ட பொருள்களைப் புதன்கிழமைச் சந்தையில் விற்கலாம். அதுவரை வீட்டில் வைத்திருக்க வேண்டும். பார்வையை நாளுக்கு ஒரு தடவை திறந்து காற்றாட விட வேண்டும் என்று ரசீதின் பின்னால் அச்சிட்டிருந்தது. தினமும் காலையில் வாசல்படியில் வைத்துத் திறந்தேன். திறந்தவர்கள் தங்கள் கண்ணைப் போசியின் விளிம்பில் வைத்தால் அதன் வழியாகப் பார்க்கலாம்.

அம்மாதான் முதலில் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“நல்ல கண்ணு. என் சீலைத் தலைப்புல மூணு எழ அந்துருக்கறது இத்தன நாளா எனக்கே தெரியல. இது பதினஞ்சுக்கு மேலயே போகும்.”

“விக்கலாமாம்மா?”

“குடுக்கறப்ப என்னைக் கேட்டயா? இப்ப விக்கறதுக்கு மட்டும் எதுக்குக் கேக்கற?” அம்மா போசியை என் பக்கம் தள்ளினாள். “முப்பதாந் தேதி எனக்கா உனக்கா?”

நானும் பார்த்தேன். திரைச்சீலையில் ஒரு இழை, பாயில் நான்கு, என் சுடிதார் கையில் இரண்டு. பார்வை வேறு எங்கும் நிற்கவில்லை. அறுந்த இடத்தில் போய் நின்று, அடுத்த அறுந்த இடத்துக்கு நகர்ந்தது. ஐந்து நாட்களில் எங்கள் வீட்டில் அறுந்திருந்த எல்லாவற்றையும் நான் தெரிந்துகொண்டேன். சிலவற்றைத் தைத்தேன்.

சந்தையில் மீட்புப் பொருள் விற்பவர்களுக்கு ஆட்டு வரிசைக்கும் கருவாட்டுக் கடைகளுக்கும் நடுவில் இடம். அன்று என்னைத் தவிர ஆறு பேர் இருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் ஒருவர் இரண்டு கொடைக்கானல் பயணங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குளிராக இருந்தது.

பல்லின் வலியின்மை முதலில் போனது. கன்னம் வீங்கிய ஒருவர் கும்பலைத் தள்ளிக்கொண்டு வந்து, பேரம் பேசாமல் நாலாயிரத்து ஐந்நூறை எண்ணி வைத்து, அங்கேயே திறந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு போனார்.

கார் ஓட்டுவதை ஒரு காய்கறி வியாபாரி தன் மகனுக்காக ஐயாயிரத்து இருநூறுக்கு வாங்கினார். ரிவர்ஸ் இல்லை என்று நானே சொன்னேன். “எங்க கடைக்கு ரண்டு பக்கமும் வழி இருக்குது,” என்றார்.

ஆங்கிலத்தை ஒரு லேப் டெக்னீஷியன் அடுக்கைத் திறந்து மோந்து பார்த்தார். “இதுல பாஸ்ட் டென்ஸே இல்லையேங்க.”

“ஒன்றரை மாசத்துல நின்னுட்டாருங்க.”

“நடந்ததைப் பத்திப் பேசவே முடியாது போலிருக்குது.”

“நடக்கறதைப் பத்திப் பேசலாங்க.”

இரண்டாயிரத்து முந்நூறு கொடுத்தார்.

ரீசார்ஜை யாரும் மொத்தமாகக் கேட்கவில்லை. விடுதியில் தங்கி வேலைக்குப் போகும் ஒரு பெண் வாளியைக் கிளறி, “சாப்டியா” என்பதில் மட்டும் நான்கு எடுத்துக்கொண்டாள். பத்து ரூபாய் வீதம் நாற்பது ரூபாய். நல்லதாகப் பார்த்து எடுத்தாள். எடுத்தவற்றில் ஒன்று, நான் காய்ச்சலாகப் படுத்திருந்தபோது அவன் கேட்டது. அதையும் கொடுத்துவிட்டேன்.

பதினொரு மணிக்கு எம்பிராய்டரி கம்பெனி வைத்திருக்கும் ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, விரலில் பவள மோதிரம். போசியின் விளிம்பில் கண்ணை வைத்து என் துப்பட்டாவைப் பார்த்தார். தன் சட்டையைப் பார்த்தார். பொத்தான் ஓரத்தில் ஒரு நூலைப் பிடுங்கிப் போட்டார்.

“தறிக்காரர் கண்ணுங்களா?”

“ஆமாங்க.”

“அதான்.” தோள் துண்டை எடுத்து என் கை மேல் போட்டார்.

எங்கள் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். மாடு விற்பதுபோல, துண்டுக்கு அடியில் கைகோத்து, விரல்களால் பேசுவார்கள். ஒரு விரலுக்கு ஆயிரம். என் கையை வேற்று மனிதர் பிடித்தது அதுதான் முதல் தடவை. ஆனால் விலை பேசும் கை என்பதால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவர் பத்தும் ஐந்தும் பிடித்தார். நான் அசையாமல் இருந்தேன். ஒன்று கூட்டினார். இன்னும் ஒன்று. இன்னும் ஒன்று. பதினெட்டு.

மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். அதுவரை விற்றது பன்னிரண்டாயிரத்து நாற்பது. பதினெட்டாயிரம் சேர்ந்தால் முப்பதாயிரத்து நாற்பது. கைப்பையில் மூவாயிரத்து எழுநூற்றுப் பத்து இருந்தது. பாக்கி கட்டி, மிச்சத்தில் பஸ்ஸுக்குப் போக நல்ல செருப்பும் வாங்கலாம். சான்றிதழை மறுநாளே வாங்கிவிடலாம். நான் அவருடைய சுண்டுவிரலை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். அழுத்தினால் வியாபாரம் முடிந்தது.

போசி திறந்தபடி என் மடியில் இருந்தது. எங்கள் கைகளின் மேல் கிடந்த துண்டை அது பார்த்துக்கொண்டிருந்தது. குனிந்து விளிம்பில் கண்ணை வைத்தேன். பார்வை துண்டின் ஒரு கோடியிலிருந்து தொடங்கி, ஒரு வரிசை விடாமல் வந்துகொண்டிருந்தது. நடுவில் ஓரிடத்தில் நின்றது. அங்கே ஓர் இழை அறுந்திருந்தது. அங்கேயே நின்றது. யாராவது தறியை நிறுத்துவார்கள் என்று காத்திருந்தது.

புதன்கிழமை காலை பதினொரு மணி. அது வேலை நேரம். பார்வை வேலையில் இருந்தது. வேலையில் இருப்பதை விற்கக் கூடாது என்று எனக்குப் பட்டது. ரசீதின் பின்னால் இருந்த விதிகளை அங்கேயே இரண்டு தடவை படித்தேன். அப்படி ஒரு விதி இல்லை.

கையை எடுத்துக்கொண்டேன்.

“பத்தொம்போது,” என்றார் அவர், வாயாலேயே. அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“இல்லைங்க.”

“என்ன கண்ணு, வெலைய வாய்விட்டுச் சொல்ல வெச்சுட்ட,” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டு வரிசைப் பக்கம் போனார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா போசியை வாங்கித் திறந்து பார்த்து மூடினாள். பிறகு, “பத்தொம்போதுக்குக் கேட்டானா?” என்றாள். ஆமாம் என்றேன். “ம்,” என்றாள். மாலையில் அந்தச் சீலைத் தலைப்பைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

*

வியாழக்கிழமை தூக்குப்போசியோடு ஹேமலதா மேடத்தின் அறைக்குப் போனேன்.

“மீட்டதைத் திருப்பிக் குடுக்கறதுக்கு ஃபாரம் இருக்குங்களா மேடம்?”

“திருப்பிக் குடுக்கறதுக்கு இல்ல. புதுக் கடனாக் குடுக்கலாம்.” இழுப்பறையிலிருந்து ஒரு மஞ்சள் தாளை எடுத்தார். “பிரியாதவங்களுக்குள்ள ஆன கடன் பணமாவே திரும்ப வரும். யாருக்குக் குடுக்கறீங்க?”

“நாச்சிமுத்துங்க. அவங்கப்பா.”

“நீங்களும் அவரும் பிரிஞ்சிருக்கீங்களா?”

“இல்லைங்க மேடம்.”

“சேர்ந்திருந்தீங்களா?”

தப்பாகச் சொல்லிவிடக் கூடாது என்று யோசித்தேன். “ஒரு தடவை அவங்க வீட்டுக்குப் போனப்ப கடலைக்காய் வறுத்துக் குடுத்தாருங்க. மிச்சத்தைப் பொட்டலம் கட்டியும் குடுத்தாருங்க. அவ்வளவுதாங்க.”

மேடம் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, மஞ்சள் தாளில் எழுதினார். “அப்ப இன்னும் பிரியல,” என்று முத்திரை குத்தினார்.

தறிக்காரர்களுக்குச் சனிக்கிழமை சம்பள நாள். அன்று போனால்தான் தவணை பேச முடியும் என்பதால் அன்று போனேன். குடோனில் ஒரு தறிதான் ஓடிக்கொண்டிருந்தது. நாச்சிமுத்து நூலிலிருந்து முகத்தை எடுக்காமலே, “யாரு?” என்றார்.

“ஜீவிதாங்க.”

“விக்கலயா கண்ணு?”

“இல்லைங்க. கடனாக் கொண்டாந்துருக்கறேன். பதினஞ்சாயிரம்.”

அவர் தறியை நிறுத்திவிட்டு வந்து, மஞ்சள் தாளைக் கையில் வாங்கி, இடது கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தார். தெரியவில்லை. நான் படித்துக் காட்டினேன்.

“வட்டி?”

“போடலைங்க.”

“வாரம் ஐந்நூறு முடியும். ரண்டு தறியும் ஓடுனா முடியும்.”

“முப்பது வாரமாகுங்க.”

“ஆகட்டும். சனிக்கெழம சனிக்கெழம வந்து வாங்கிக்க. மௌலிகிட்டக் குடுத்தனுப்புனா உனக்கு வந்து சேராது.” கையெழுத்துப் போட்டார். போசியைத் திறந்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். பிறகு அவர் நேராக நிமிர்ந்து என்னைப் பார்த்து, “சுடிதார் கையில ரண்டு எடத்துல தைச்சுருக்கறயே, நீயேதான் தைச்சயா?” என்றார்.

“ஆமாங்க.”

“தையல் கொஞ்சம் பெருசா உழுந்துருச்சு,” என்று இரண்டாவது தறியின் சுவிட்சைப் போட்டார்.

வாசலில் மௌலி கன்னத்தில் கிராம்புத் தைலம் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனை அலுவலகத்தில் பேக்கிங் பகுதிக்கு மாற்றியிருந்தார்கள்.

“இப்ப எங்கப்பன் உனக்குக் கடன்காரன். நான் இல்ல,” என்றான்.

“ஆமா.”

“என்கிட்ட வாங்கிட்டுப் போனதையும் இப்படியே கொண்டாந்துரலாம்ல? பல்லை மட்டுமாவது.”

“பல்லை வித்தாச்சு. நாம பிரிஞ்சும் ஆச்சு.”

“அதுக்கு ஃபாரம் இல்லையா?”

“நான் கேக்கல.”

அவன் தைலப் புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தான். “கேக்காதே,” என்றான். உள்ளே இரண்டு தறிகளும் ஓடியதால் அதை அவன் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. காலிப் போசியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

*

இருபத்தாறாம் தேதி கல்லூரிக்குப் போனேன். சந்தையில் கிடைத்தது பன்னிரண்டாயிரத்து நாற்பது. கையில் இருந்தது மூவாயிரத்து எழுநூற்றுப் பத்து. மொத்தம் பதினைந்தாயிரத்து எழுநூற்று ஐம்பது. பாக்கியில் சரிபாதி. வழியில் டீ குடிக்கவில்லை. குடித்திருந்தால் சரிபாதி ஆகியிருக்காது. போகவர பஸ்ஸுக்கு அம்மா தனியாகக் கொடுத்திருந்தாள்.

கட்டணப் பிரிவில் இருந்த அம்மையார் பணத்தை எண்ணி ரசீது போட்டார். “பாதி கட்டியிருக்கீங்க. பாதி வாங்கிக்கலாம்.”

“மேல் பாதிங்களா, கீழ் பாதிங்களா?”

“கீழ இருந்துதான் குடுக்கறது.”

பீரோவிலிருந்து என் சான்றிதழை எடுத்தார். நான் அதை முதல் தடவையாகப் பார்த்தேன். தடித்த தாள், ஓரத்தில் பொன்னிறக் கோடு. இரும்பு ஸ்கேலை வைத்து முப்பது சென்டிமீட்டர் என்று அளந்தார். பதினைந்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, வெட்டுப் பலகையில் பொருத்தி, கைப்பிடியை அழுத்தினார். நேராக வந்தது. கோணலாக வெட்டிவிடுவாரோ என்று நான் பயந்திருந்தேன். மேல் பாதியில் பல்கலைக்கழகத்தின் சின்னமும், என் பெயரும், என்ன பட்டம் என்பதும் தங்கிவிட்டன. என் கைக்கு வந்ததில் ‘முதல் வகுப்பில் தேர்ச்சி பெற்றார்’ என்பதும், தேதியும், துணைவேந்தரின் கையொப்பமும், முத்திரையும் இருந்தன. முத்திரை முழுசாக இருந்தது.

“மீதி கட்டறப்ப இந்த ரசீதைக் கொண்டாங்க. பேரு அப்பத்தான்,” என்றார்.

“ஜனவரி ஆயிருங்க.”

“இங்கதான் இருக்கும்.”

வீட்டில் அம்மா அதைக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். ‘முதல்’ என்பதைப் படித்தாள். “மொதல்னு போட்டுருக்கான்,” என்றாள். பக்கத்து வீட்டுக்கும் கொண்டுபோய்க் காட்டினாள். அவர்களும் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

முப்பதாம் தேதி காலை எட்டரைக்கே ஏற்றுமதி நிறுவனத்தின் வாசலில் இருந்தேன். ஒன்பதரைக்குக் கூப்பிட்டார்கள். மனிதவளப் பிரிவில் இருந்தவர் என் பாதியை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“அசல்தானே?”

“ஆமாங்க சார்.”

“பேரு இல்லையே.”

“ஜனவரியில வந்துருங்க சார்.”

அவர் இழுப்பறையைத் திறந்து இன்னொரு பாதியை எடுத்து மேசையில் வைத்தார். அது மேல் பாதி. சின்னம் இருந்தது. ‘ஷர்மிளா பானு’ என்று பெயர் இருந்தது. ‘பி.ஏ. வரலாறு’ என்று இருந்தது. அவளுடைய கல்லூரியில் மேலிருந்து கொடுப்பது வழக்கமாம். இரண்டையும் சேர்த்து வைத்து, விரலால் நகர்த்தி, ஓரத்துப் பொன்னிறக் கோட்டை ஒன்றுசேர்த்தார். நன்றாகப் பொருந்தியது. பின்னால் செல்லோ டேப் ஒட்டினார்.

“சரியா இருக்கு,” என்றார். “இருக்கறது ஒரு வேலைதான். ரெண்டு பேரும் சேர்ந்து பாத்துக்குங்க.”

எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள்தான் ஷர்மிளா பானு. “முதல் வகுப்பாங்க? எனக்கு ரெண்டாவதுதான் வந்துருக்கும்,” என்று கையை நீட்டினாள். அவள் கை குளிர்ந்திருந்தது. அவளும் எட்டரைக்கே வந்து காத்திருந்தவளாம்.

எங்களுக்கு ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஓர் அடையாள அட்டை. சம்பளம் ஆளுக்குப் பாதி. மதியம் வரை அவள் அட்டையைப் போட்டுக்கொள்வாள், மதியத்துக்குப் பிறகு நான் என்று பேசிக்கொண்டோம். ஒரு மணிக்கு அவள் அட்டையைக் கழற்றி என் கழுத்தில் மாட்டிவிட்டு, கை கழுவப் போனாள். அவளுடைய செல்போன் மேசையில் இருந்தது. அது அடித்தது. அட்டை என் கழுத்தில் இருந்த நேரம் என்பதால் நான் எடுத்தேன்.

“பானு,” என்றது ஓர் அம்மாவின் குரல். “வர்றப்ப தயிர் வாங்கிட்டு வந்துரு.”

“சரிம்மா. எவ்வளவு?”

“அரை லிட்டர் போதும். புளிக்காததாப் பாத்து வாங்கு, போன தடவை மாதிரி ஏமாந்துராதே.”

“இந்தத் தடவை பாத்து வாங்கறேன்மா,” என்றேன். மறந்துவிடாமல் இருக்க, தேதி போட்டு எழுதிக்கொண்டேன்.